புகார் வந்தால் நீக்கு, சரி. தவறாக நீக்கினால்?

வாய்தா எழுதியது:

"திருட்டுப் பிரதி பரவும் இந்தத் தளங்களைக் கேட்க ஆளே இல்லை, சட்டமே இல்லை" என்று அடிக்கடி யாராவது இங்கே புலம்பிவிட்டுப் போகிறார்கள். சட்டம் நிறையவே இருக்கிறது. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

எல்லாவற்றுக்கும் தாய் 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம். அதில் உள்ள பேரம் எளிமையானது. பயனர்கள் ஏற்றும் ஒவ்வொன்றையும் தளம் முன்கூட்டியே சோதிக்க வேண்டாம். உரிமையாளர் புகார் கொடுத்தால் சட்டென்று எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் தளத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்கு நிற்காது. சேஃப் ஹார்பர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஏற்றியவர் "இது தவறான புகார்" என்று எதிர் அறிவிப்பு கொடுத்து, புகார்தாரர் வழக்கும் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2013 பதிப்புரிமை விதிகளும் ஏறக்குறைய இதே வழிதான். புகார் வந்த 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும். 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவோடு வராவிட்டால் திரும்ப வைக்கலாம். கவனியுங்கள், நீக்குவது கட்டாயம், திரும்ப வைப்பது தளத்தின் விருப்பம்.

என் வாதம் இதுதான். நீக்காமல் விட்டால் தளத்துக்கு வழக்கு, தண்டம், கெட்ட பெயர். தவறாக நீக்கினால் அதன் தலையில் ஒன்றும் விழாது. பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்படியானால் எந்த நிறுவனமும் என்ன செய்யும்? சந்தேகம் வந்தால் தூக்கிவிடும். திருட்டைத் தடுக்கும் சட்டம் எதுவானாலும், பொய்ப் புகாருக்கு ஒரு விலை வைக்காமல் வந்தால் அது அரைச் சட்டம்தான்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

வாய்தா சார், நீங்கள் பொய்ப் புகாரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் ஒலிக்கலவை செய்கிறவன். என் பிழைப்பு உண்மையான புகாரில் இருக்கிறது.

படம் வெளியான அன்று மதியமே அரங்கில் கேமராவில் எடுத்த கேம் பிரிண்ட் வந்துவிடும். ஓடிடியில் ஏறிய சில மணி நேரத்தில் எச்டி பிரிண்ட். புகார் கொடுத்து ஒரு டெலிகிராம் சேனலை மூட வைத்தால், அதன் அட்மின் ஏற்கெனவே "பேக்கப் சேனலில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று இணைப்பை ஒட்டி வைத்திருப்பார். பழைய பெயருக்குப் பின்னால் ஒரு எண் கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மொத்தக் கூட்டமும் அங்கே இடம் மாறிவிடும். நாங்கள் மறுபடியும் முதல் படியிலிருந்து புகார் எழுத வேண்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரங்குகளில் ஓடும் டிஜிட்டல் பிரதியில் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத குறி ஒன்று பதிந்துகொண்டே போகும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட டிசிஐ என்ற டிஜிட்டல் சினிமாத் தரத்திலேயே அது உண்டு. மொத்தம் 35 பிட். அதில் 16 பிட் நேரத்துக்கு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மீதி 19 பிட் எந்த இடம், எந்தக் கருவி என்பதற்கு. செல்போனில் திருட்டுத்தனமாக எடுத்த பிரதியிலிருந்து ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தால் போதும், எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம்.

ஆக, கேமராவை மடியில் வைத்தவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதை லட்சம் பேருக்குப் பரப்புகிறவர் யார் என்று கேட்டால் மட்டும் தளம் "தனியுரிமை" என்று கையை விரிக்கிறது. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம் இதையேதான் சொன்னது. போட்டித் தேர்வுப் பாடங்களைத் திருடி விற்ற சேனல்கள் பற்றிய வழக்கு அது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அங்குள்ள சட்டம் தகவலைத் தர விடாது என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சேனல் நடத்தியவர்களின் விவரத்தைக் கொடுக்கச் சொன்னது, கொடுத்தார்கள். அதற்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது என்பதுதான் என் கோபம். எத்தனை பேரால் அவ்வளவு தூரம் போக முடியும்?

ஒருமுறை நீக்கியது திரும்ப வரவே கூடாது. அதைத் தளமே பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அந்தச் சட்டம்.

---

பொறுமைசாலி எழுதியது:

எல்லாம் சரிங்க. ஒரு படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கத் தயாரா இருக்கேன். ஆனா அது "உங்கள் நாட்டில் கிடைக்காது"ன்னு வருது. அப்போ நான் என்ன பண்றது?

வீடியோ கேம் விக்கிற வால்வ் நிறுவனத்தோட தலைவர் கேப் நியூவெல் 2011லயே சொல்லிட்டார், திருட்டுப் பிரதி பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினைன்னு. சேவையைச் சரி பண்ணுங்க, பாதிப் பேர் தானா வந்துடுவோம்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

கிடைக்காத படத்துக்கு அந்த நியாயம் செல்லும். வெளியான அன்றே கிடைக்கிற படத்துக்கு?

---

சர்வர்_சாமி எழுதியது:

பிறர் தளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில், அப்யூஸ் பெட்டி என்ற முறைகேட்டுப் புகார் மின்னஞ்சலுக்கு வரும் புகார்களைப் பிரிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் சிக்கல்.

புகார்களில் பெரும்பகுதி மனிதர் எழுதியது கிடையாது. உரிமையாளருக்காக வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் நிரல், படத்தின் பெயரைத் தேடி, கிடைத்த முகவரிகளை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் கொட்டி அனுப்பும். அதில் செத்துப்போன இணைப்புகள் இருக்கும். படத்தின் விமர்சனப் பக்கம் இருக்கும். சில நேரம் தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வப் பக்கமே இருக்கும். 2015இல் ஒரு பெரிய ஸ்டுடியோவின் சார்பில் கூகுளுக்குப் போன புகாரில் 127.0.0.1 என்ற முகவரி இருந்தது செய்தியானது. கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி அது. புகார் கொடுத்த கணினியே குற்றவாளி ஆகிவிட்டது.

"திரும்ப வரவே கூடாது" என்பதற்கு வருகிறேன். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பை வைத்துத் தடுத்தால், வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலே ஹாஷ் மாறிவிடும். ஆகவே படத்தையும் ஒலியையும் கேட்டுப் பார்த்து அடையாளம் காணும் கைரேகை முறை வேண்டும். யூடியூபின் கன்டென்ட் ஐடி அந்த வகை, 2007இலிருந்து இருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் படத்தை இடவலம் திருப்புவார்கள், வேகத்தைச் சற்றுக் கூட்டுவார்கள், சுற்றிலும் ஃபிரேம் போடுவார்கள். கைரேகை நிரலை அதற்கேற்ப இளக்கினால், சம்பந்தமில்லாதவர்களும் மாட்டுவார்கள்.

அதைவிட முக்கியம், நிரலுக்கு "இது அந்தப் பாட்டு" என்று தெரியும். "இவர் அனுமதி வாங்கியிருக்கிறார்", "இவர் விமர்சனத்துக்காகப் பத்து நொடி எடுத்திருக்கிறார்" என்பது தெரியாது.

யூடியூபே வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 2021இன் முதல் ஆறு மாதங்களில் 72 கோடிக்கும் மேற்பட்ட கன்டென்ட் ஐடி உரிமைகோரல்கள். எதிர்த்து முறையிட்டது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. "பார்த்தீர்களா, எல்லாம் சரியாக நடக்கிறது" என்பார்கள். ஆனால் முறையிட்டவற்றில் சுமார் 60 சதவீதம் வீடியோ போட்டவருக்குச் சாதகமாக முடிந்தது. எண்ணிக்கையில் 22 லட்சம். முறையிடாதவர்களில் எத்தனை பேர் பயந்துபோய் விட்டுவிட்டார்கள் என்பதை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது.

---

நிழற்குடை எழுதியது:

தலைப்பில் பயனர் பாதுகாப்பு என்ற பக்கம் விடுபட்டுப் போகிறது. திருட்டுத் தளங்களில் நிஜமாக அடிபடுவது படம் பார்க்கப் போகிறவர்தான். தயாரிப்பாளர் இழப்பது பணம், இவர் இழப்பது வங்கிக் கணக்கு.

என் பெரியப்பாவின் செல்போனை ஒரு நாள் திறந்து பார்த்தேன். நேரலைப் போட்டி பார்க்க ஏதோ பக்கத்துக்குப் போயிருக்கிறார். நடுவில் பெரிய பிளே பொத்தான். தொட்டால் வேறு பக்கம் திறக்கிறது. மூடிவிட்டு மறுபடி தொட்டால் "உங்கள் பிளேயர் பழையது, புதுப்பிக்கவும்" என்று ஒரு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு, இறங்குகிறது. அதை நிறுவினால் அது கேட்கும் முதல் அனுமதி அக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் செயலிகளுக்கு வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவது எல்லாம் அந்தச் செயலிக்குத் தெரியும், ஓடிபி உட்பட. உங்கள் விரல் படாமலே பொத்தானையும் அழுத்தும். நல்லவேளை, அனுமதி கேட்ட இடத்தில் அவர் "என்னவோ கேக்குதுப்பா" என்று நிறுத்தியிருந்தார்.

அந்தப் பிளே பொத்தானை வைக்க யாரோ காசு கொடுக்கிறார்கள். சட்டம் அந்தக் காசைத் துரத்தலாமே? சிட்டி ஆஃப் லண்டன் காவல்துறை 2013இல் அறிவுசார் சொத்துக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. மறு ஆண்டே திருட்டுத் தளங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து விளம்பர நிறுவனங்களிடம் கொடுத்தது, "இங்கே விளம்பரம் போடாதீர்கள்" என்று. உலக அறிவுசார் சொத்து அமைப்பும் விப்போ அலர்ட் என்ற பெயரில் இப்படி ஒரு பட்டியலை நடத்துகிறது. யாருடைய வீடியோவும் இதில் தவறுதலாகக் காணாமல் போகாது. தளத்துக்கு வருமானம் நின்றுபோகும்.

---

சர்வர்_சாமி எழுதியது:

நல்ல கம்பெனி விளம்பரம் நின்றுபோகும். அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரமும் நீங்கள் சொன்ன ஏபிகேயும் வந்து உட்காரும். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி வேலைதான் அது. பயனரைப் பொறுத்தவரை தளம் முன்னைவிட ஆபத்தாகவும் ஆகலாம். விளம்பர வலையமைப்பும் பணம் செலுத்தும் நிறுவனமும் "இந்த வாடிக்கையாளர் யார்" என்று சரிபார்க்கும் கடமையும் கூடவே வர வேண்டும்.

---

கட்டவிழ் எழுதியது:

நீங்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில் பேசுகிறீர்கள். கருவி கைக்கு வந்ததும் அதை யார் எடுப்பார்கள் என்று யோசிக்கிறீர்களா?

பத்திரிகையாளர்கள் மேல் நடக்கும் ஒரு வித்தை சொல்கிறேன். ஒரு செய்தித் தளம் யாரோ பெரிய மனிதரின் ஊழலை எழுதுகிறது. அவருடைய ஆட்கள் அதே கட்டுரையைச் சொல் மாறாமல் நகலெடுத்து, யாரும் கேள்விப்படாத ஒரு வலைப்பக்கத்தில் போடுகிறார்கள், பழைய தேதியோடு. அப்புறம் தேடுபொறிக்கு டிஎம்சிஏ புகார்: "எங்கள் கட்டுரையை அந்தச் செய்தித் தளம் திருடிவிட்டது." மூலக் கட்டுரை தேடலில் மறைந்துவிடும். திருட்டைத் தடுக்கும் சட்டத்தை வைத்து எழுதியவரையே திருடர் ஆக்கிவிடுகிறார்கள்.

2012 ஜனவரி 18 ஞாபகம் இருக்கிறதா? திருட்டுத் தளங்களைத் தடுக்க அமெரிக்காவில் வந்த சோபா மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கக் கருப்பாக நின்றது. மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம், போலிப் பொருளையும் திருட்டுப் பிரதியையும் தடுக்க வந்த ஆக்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தை 39க்கு எதிராக 478 வாக்குகளில் தூக்கி எறிந்தது. அதற்குப் பிறகு அதே எண்ணங்கள் சிறுசிறு துண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன.

இத்தாலியைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் பைரசி ஷீல்டு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கால்பந்து ஒளிபரப்பு உரிமம் வைத்திருப்பவர்கள் முகவரியைப் பதிய, இணைய நிறுவனங்கள் 30 நிமிடத்தில் முடக்க வேண்டும். நடுவில் நீதிபதி கிடையாது. அந்த அக்டோபரில் கூகுள் டிரைவின் ஒரு முகவரியையே முடக்கிவிட்டார்கள். கோப்பை இறக்க முடியாமல் நாடு முழுக்கத் திண்டாட்டம்.

---

சர்வர்_சாமி எழுதியது:

கூகுள் டிரைவில் முடக்கியது ஒரு டொமைன் பெயரை, அதாவது தளத்தின் பெயரை. எண்ணால் ஆன ஐபி முகவரியை முடக்கினால் இன்னும் மோசம். ஐபி முகவரி என்பது தனி வீடு கிடையாது, அடுக்குமாடிக் கட்டடம். பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்களின் ஒரே ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஒரு குடித்தனத்தைப் பூட்டப் போய் வாசல் கேட்டையே பூட்டிவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவிலும் இதே கதைதான், அங்கே நீதிமன்ற உத்தரவே இருந்தது. ஐபியைத் தடுக்காமல் டொமைன் பெயரைத் தடுக்கச் சொல்லி உத்தரவு எழுதினால் பாதிப் பிரச்சினை குறையும். எழுதுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

வாய்தா எழுதியது:

நிறைய சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஒலிக்கூடம் கேட்ட சட்டம் ஐரோப்பாவில் ஓரளவு இருக்கிறது. 2019 பதிப்புரிமை வழிகாட்டுதலின் 17ஆவது பிரிவு. உரிமையாளர் தகவல் கொடுத்த படைப்பு மீண்டும் ஏறாமல் இருக்கத் தளம் தன்னாலான முயற்சி செய்ய வேண்டும். போலந்து இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்றது. கூடவே ஒரு கடிவாளமும் போட்டது: சட்டப்படியானதையும் சட்டவிரோதமானதையும் பிரித்தறிய முடியாத வடிகட்டியைப் பயன்படுத்தக் கூடாது. சர்வர்_சாமி சொன்ன பத்து நொடி விமர்சனத்துக்கு அங்கே கிடைத்த பாதுகாப்பு இது.

நான் முதலில் கேட்ட விலை, டிஎம்சிஏவில் எழுத்தில் இருக்கிறது. 512(எஃப்) பிரிவு. தெரிந்தே பொய் சொல்லிப் புகார் கொடுத்தால் நஷ்டஈடு. ஆனால் "தெரிந்தே" என்பதை நிரூபிப்பது பெரும்பாடு. குழந்தை ஆடும் 29 நொடி வீடியோ ஒன்று 2007இல் நீக்கப்பட்டது, பின்னணியில் ஒரு பாட்டு ஓடியதற்காக. நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலே எடுக்கச் சட்டம் விடுகிற வகையா என்று யோசித்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015இல். எட்டு வருஷம்!

ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இதைக் கொஞ்சம் நன்றாகக் கையாள்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒன்றை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று ஏற்றியவருக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும், அதை முழுக்க நிரல் கையில் விடக் கூடாது. அங்கும் சரிவராவிட்டால் நீதிமன்றத்துக்கு வெளியே சமரச அமைப்புகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 23ஆவது பிரிவு: அடிக்கடி ஆதாரமில்லாத புகார் கொடுப்பவரின் புகார்களை முன்னெச்சரிக்கை செய்துவிட்டுத் தளம் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டும். திரும்பத் திரும்பத் திருட்டுப் பிரதி ஏற்றுகிறவருக்கும் அதே பிரிவில் அதே தண்டனை. தராசின் இரண்டு தட்டும் ஒரே பிரிவில் இருப்பதை வேறு சட்டங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் வேறு. மீறினால் உலக அளவிலான ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம்.

கட்டவிழ், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்தச் சட்டத்தில் நம்பகமான புகார்தாரர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகுதியுள்ள அமைப்புகளுக்கு அந்த அந்தஸ்து, அவர்கள் புகாருக்கு முன்னுரிமை. அவர்கள் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும், துல்லியம் குறைந்தால் அந்தஸ்து போய்விடும். பழைய தேதி போட்டு ஏமாற்றுகிறவர் அந்த வாசலில் நுழைவது கஷ்டம்.

---

கட்டவிழ் எழுதியது:

அந்த அந்தஸ்தைக் கொடுப்பது யார்? அந்தந்த நாட்டு அதிகார அமைப்பு. என் பயம் இப்போது இரண்டு மடங்கு.

---

ஒலிக்கூடம் எழுதியது:

வாய்தா சார், அறிக்கை கொடுக்கும் அமைப்பாக எங்கள் சங்கம் இருக்கத் தயார். தவறு செய்தால் அந்தஸ்து போகட்டும். பதிலுக்கு எனக்கு வேண்டியது முதல் இரண்டு நாள் வேகம். படத்தின் வசூல் தீர்மானமாவது அப்போதுதான். 21 நாள் விதி எனக்கு ஒப்பாரி வைக்கத்தான் உதவும்.

இந்திய நீதிமன்றங்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் டைனமிக் தடை உத்தரவு கொடுத்தது. தடுத்த தளம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் புது வழக்கு வேண்டாம், பழைய உத்தரவோடு சேர்த்துவிடலாம். 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், இனிமேல் வரப்போகும் படங்களுக்கும் அது செல்லும் என்றது. நீதிபதி நடுவில் இருக்கிறார், வேகமும் இருக்கிறது. கட்டவிழ், இதில் என்ன குறை கண்டீர்கள்?

---

கட்டவிழ் எழுதியது:

எதிர்த்தரப்பில் யாரும் ஆஜராவதில்லை. திருட்டுத் தளக்காரர் வரமாட்டார், சரி. பட்டியலில் தவறுதலாகச் சேர்ந்துவிட்ட சின்னத் தளக்காரருக்கு அப்படி ஒரு வழக்கு நடப்பதே தெரியாது. தடுத்த முகவரிகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

வெளியிட்டால் அதுவே திருட்டுத் தளங்களுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடும். தடுத்த பிறகு, சில வாரம் கழித்து வெளியிடலாம். அதுவரைக்கும் நான் இறங்கி வருகிறேன்.

---

புதுவரவு_07 எழுதியது:

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் சமையல் வீடியோ ஒன்றின் மேல் யாரோ பதிப்புரிமை கேட்டிருக்கிறார்கள். பின்னணி இசை நான் உரிமம் வாங்கிப் போட்டது, ரசீது இருக்கிறது. எதிர் அறிவிப்பு கொடுத்தால் என் வீட்டு முகவரி புகார் கொடுத்தவருக்குப் போகும் என்கிறார்கள். நான் தனியாக இருக்கும் பெண். உண்மையாகவே போகுமா அண்ணா?

---

வாய்தா எழுதியது:

போகும்மா. டிஎம்சிஏ எதிர் அறிவிப்பில் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்தாக வேண்டும், அதைத் தளம் புகார்தாரருக்கு அனுப்பும். இந்தப் பயம் வெறும் கற்பனை கிடையாது. 2019இல் யூடியூப் தானே ஒருவர் மேல் வழக்குப் போட்டது. பொய்ப் புகார் கொடுத்து வீடியோக்காரர்களிடம் பணம் பறித்தார், எதிர் அறிவிப்பில் கிடைத்த முகவரியை வைத்து ஒருவர் வீட்டுக்குப் பொய்த் தகவல் சொல்லிப் போலீஸை அனுப்பினார் என்று சந்தேகம். 25,000 டாலர் கொடுத்து மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டார்.

அதனால் முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள். உங்களுக்கு வந்திருப்பது கன்டென்ட் ஐடி க்ளெய்மா (நிரல் கண்டுபிடித்த உரிமைகோரல்), ஸ்ட்ரைக்கா (வீடியோவை நீக்க வைத்த சட்டப் புகார்)? க்ளெய்ம் என்றால் எதிர் அறிவிப்பு தேவையே இல்லை. டிஸ்ப்யூட், அதாவது மறுப்பு, போட்டால் போதும், அந்தக் கட்டத்தில் முகவரி கேட்க மாட்டார்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும். ஸ்ட்ரைக் என்றால் மட்டும் எதிர் அறிவிப்பு. அப்போதும் உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் கொடுக்கலாம், அவருடைய அலுவலக முகவரியோடு.

---

சர்வர்_சாமி எழுதியது:

கூடவே இசை வாங்கிய தளத்துக்கும் எழுதுங்கள். பல தளங்களில் உங்கள் சேனலை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் வசதி இருக்கும். ரசீதில் உள்ள உரிம எண்ணை டிஸ்ப்யூட்டில் அப்படியே ஒட்டிவிடுங்கள், கதை எழுத வேண்டாம்.

---

புதுவரவு_07 எழுதியது:

க்ளெய்ம்தான். "வருமானம் உரிமையாளருக்குச் செல்கிறது" என்று போட்டிருக்கிறது. வீடியோ அப்படியே இருக்கிறது. இன்றே டிஸ்ப்யூட் போடுகிறேன். அந்த 30 நாள் வருமானம் யாருக்குப் போகும்?

---

வாய்தா எழுதியது:

க்ளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்தே தனியாக எடுத்து வைப்பார்கள், ஜெயிக்கிறவருக்குப் போகும். அதற்குப் பிறகு போட்டால், போட்ட நாளிலிருந்துதான். க்ளெய்ம் வந்த தேதியைப் பாருங்கள். முடிந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.